பிழைக் கூட்டத்துக்கு ஓர் அரைநாள்

சிவரூபி ரீச்சரிடம் முப்பத்தொரு சான்றிதழ்கள் இருக்கின்றன. எல்லாம் கணித ஆசிரியர்களின் வாண்மை விருத்திக்காக நடந்த செயலமர்வுகளில் பங்குபற்றியதற்குக் கொடுத்தவை. தங்க நிறக் கரை, இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. மூன்றில் அவருடைய பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். அந்த முப்பத்தொரு நாட்களிலும் என்ன கற்றீர்கள் என்று கேட்டால் மூன்று விடயம் சொல்வார். குத்துவிளக்கின் திரிகளை யார் யார் எந்த ஒழுங்கில் ஏற்ற வேண்டும் என்பது ஒன்று. பிரதம விருந்தினர் வரும் வரைக்கும் தேநீர் தரமாட்டார்கள் என்பது இரண்டு. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று பயிற்சி நடத்த வரும் வளவாளரிடம் கேட்கக்கூடாது என்பது மூன்று. ஒருமுறை கேட்டார். "அது விதி ரீச்சர்" என்று பதில் வந்தது. விதி என்ற சொல்லை அந்த மனிதர் கணிதத்தின் பொருளில் சொன்னாரா, தலைவிதியின் பொருளில் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

முப்பத்திரண்டாவது சான்றிதழ் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டது மாதத்தில் ஓர் அரைநாள். ஏழு ஆசிரியர்கள் ஓர் அறையில் இருந்து கணிதம் படிப்பிப்பதைப் பற்றிக் கதைப்பதற்கு ஓர் அரைநாள்.

சிவரூபிக்கு இப்போது முப்பத்தேழு வயது. முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டுக்கரையில் இருக்கும் ஒரு சிறிய பாடசாலையில் ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரைக்கும் கணிதத்துக்கு அவர் ஒருவர்தான். தகப்பன் தங்கராசாவும் தாய் பேச்சியம்மாவும் சிறுவயதில், எழுபத்தேழாம் ஆண்டு, மலைநாட்டில் தேயிலைத் தோட்ட லயங்களுக்குத் தீ வைத்தவர்களிடம் இருந்து தப்பி வன்னிக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வன்னி அவர்களை இருகரம் நீட்டி வரவேற்றது என்று மேடைகளில் பேசுவார்கள். வரவேற்றது உண்மைதான், கூலி வேலைக்கு. காடு வெட்டவும் பின்னர் போரில் சாகவும் ஆள் தேவைப்பட்டபோது அவர்கள் தமிழர்கள். பிள்ளையை வகுப்பில் முன்வாங்கில் இருத்துங்கள் என்று கேட்டபோது தோட்டக்காட்டார். சிவரூபி முதலாம் தரத்தில் "ஆமாங்க" என்று ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். வகுப்பு முழுவதும் சிரித்தது. படிப்பித்தவரும் சிரித்தார். அடுத்த நாளில் இருந்து அவருக்குப் பாடசாலையில் "ஓம்", வீட்டில் "ஆமா". ஆறு வயதுப் பிள்ளை இரண்டு மொழி பழகியதை யாரும் திறமையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

போர் முடிந்து சனத்தை முகாமில் முட்கம்பிக்குள் அடைத்து வைத்திருந்த மாதங்களில், ஒரு கூடாரத்தின் நிழலில் சிறுபிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வெளியே வந்த பிறகு எட்டு வருடம் தொண்டர் ஆசிரியர். தொண்டர் ஆசிரியர் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு ஆளை மட்டும் பதிவில் சேர்க்காமல் விடுவதற்கு அந்த ஒரு சொல் போதும். அந்த எட்டு வருடத்துக்குள் வெளிவாரியாகப் படித்துப் பட்டமும் எடுத்து, கடைசியில் நிரந்தர நியமனமும் பெற்றார்.

இனிமையான மனுசி என்று சொல்ல முடியாது. கையெழுத்து மோசம், வாய் அதைவிட மோசம். பிள்ளைகள் நன்றாகச் செய்தால் "ம்" என்பார். ஆண்டுவிழாவில் பேசச் சொன்னால் வரமாட்டார். பாடசாலை அதிபர்மாருக்கு அவரைப் பிடிக்காது, ஆனால் வேறு கணித ஆசிரியர் அந்தப் பாதையில் வரமாட்டார் என்பதால் பொறுத்துக்கொள்வார்கள்.

நியமனம் கிடைத்த அடுத்த வருடம் எட்டாம் தரத்துக்கு ஒரு பரீட்சை வைத்தார். வினாத்தாளைத் தானே எழுதினார். ஒரு வினா இப்படி இருந்தது: பக்கம் 16 மீற்றர் நீளமான சதுரக் காணியின் பரப்பு யாது? விடை 256 சதுர மீற்றர். தேனுகா என்ற பிள்ளை "ஒரு பரப்பு" என்று எழுதியிருந்தாள். சிவரூபி அதன்மேல் ஒரு கோடு இழுத்து, சைபர் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு நாளில் தேனுகாவின் தாய் நேசமலர் வந்தார். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பம். வயலும் மிளகாய்த் தோட்டமும் செய்கிறவர்கள்.

"ரீச்சர், சண்டைக்கு வரேல்லை. பிள்ளைக்குச் சைபர் போட்டிருக்கிறியள். என்ன பிழை எண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தனான்."

"பரப்பு என்ன எண்டு கேட்டால் பரப்பு எண்டு எழுதி வைச்சால் நான் என்ன செய்யிறது?"

"எவ்வளவு எண்டு கேட்டியள். அவள் ஒரு பரப்பு எண்டு எழுதினவள். பதினாறு மீற்றர்க் கயிறை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் ஒரு பரப்பு. நாங்கள் மிளகாய்க்கண்டு வைக்கிறது அப்பிடி அளந்துதான். உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"அதுசரி, உங்கட பக்கத்தில வேற அளவாக்கும்" என்றார் நேசமலர். அந்த "உங்கட பக்கம்" எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரியும்.

பரப்பு என்பது யாழ்ப்பாணத்தாருக்குக் காணி அளக்கும் அலகு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். தங்கராசாவின் வீட்டில் ஏக்கரும் பேர்ச்சும் தெரியும், பரப்புத் தெரியாது. புத்தகத்தில் இருக்கும் "பரப்பளவு" என்ற சொல்லில் "அளவு" என்பதை விட்டுவிட்டு வினாவை எழுதியது சிவரூபி. அலகையும் கேட்கவில்லை. நேசமலர் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓர் ஏக்கர் 4047 சதுர மீற்றர். பதினாறால் வகுத்தால் 253. கயிற்றுச் சதுரம் 256. மூன்றே மூன்று சதுர மீற்றர் வித்தியாசம். பிள்ளை எழுதியது பிழை இல்லை. வகுப்பில் இருந்த எவருக்கும் தெரியாத ஒரு மதிப்பீட்டை அவள் தலைக்குள் வைத்திருந்தாள்.

அடுத்த நாள் வகுப்பில் தேனுகாவை எழுப்பி, பிழை தன்னுடையது என்று சொல்லிப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு முழு வகுப்பையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், கயிறு கட்டி, அந்த மூன்று சதுர மீற்றர் எங்கே போனது என்று ஒரு பாடவேளை முழுக்கத் தேடவிட்டார்.

ஒரு சொல் தெரியாமல் போனதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்பது வருடமாகப் போட்ட சைபர்களில் ஒன்றைக்கூட ஏன் என்று கேட்டுப் போடவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது. அன்றைக்கு ஒரு கொப்பி வாங்கினார். இடப்பக்கத்தில் பிள்ளை எழுதிய பிழையான விடை, தாளில் இருந்து வெட்டி ஒட்டியது. வலப்பக்கத்தில் அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டபோது பிள்ளை சொன்ன விளக்கம், பிள்ளையின் வாய்ச் சொல்லிலேயே. முதல் பக்கத்தில் "ஒரு பரப்பு" இருக்கிறது, ஆனால் அதற்கு நேரே ஆசிரியரின் பிழை என்று எழுதியிருக்கிறது. ஒன்றரை மணித்தியாலத்தை 1.30 என்று எழுதி அதை இரண்டால் பெருக்கி 2.60 என்றவன் இருக்கிறான். மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது, ஏனென்றால் நாலு பேர் சாப்பிடச் சோறு கூட வேணும் என்றவள் இருக்கிறாள். இப்போது பதினொரு கொப்பிகள்.

உடையார்கட்டில் படிப்பிக்கும் ரஜிதன் மாஸ்டர் ஒரு செயலமர்வின் தேநீர் இடைவேளையில் அந்தக் கொப்பியைக் கண்டார். முதலில் சிரித்தார். பிறகு இரவல் கேட்டார். ஒரு கிழமையால் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "ரீச்சர், இதில பாதிப் பிழை நான்தான் படிப்பிச்சுக்கொண்டு வாறன்."

அப்படித்தான் கூட்டம் தொடங்கியது. ஏழு பேர், ஏழு சிறிய பாடசாலைகள், ஒவ்வொன்றிலும் கணிதத்துக்கு ஒரே ஆள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை ஒட்டுசுட்டானில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கினார்கள். ஆளுக்கொரு பிழை கொண்டுவர வேண்டும். பிள்ளையின் மூளைக்குள் என்ன நடந்தது என்று எல்லோரும் சேர்ந்து துருவுவார்கள். அந்தப் பிழையை எடுக்கப் பிள்ளையிடம் என்ன கேள்வி கேட்கலாம் என்று யோசிப்பார்கள். அடுத்த முறை கேட்டுப் பார்த்ததைச் சொல்வார்கள். ஒரே ஒரு சட்டம். "பிள்ளையளுக்கு அடிப்படை இல்லை" என்று சொல்லக்கூடாது. சொன்னவர் எழும்பிப் போய் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் பிளேன்ரீக்குக் குறைவில்லை. பிழைக் கூட்டம் என்று பெயர் வைத்தவர் ரஜிதன். விளக்கு இல்லை, பதாகை இல்லை, சான்றிதழ் இல்லை. முதல் வருடக் கடைசியில் ஏழு பாடசாலைகளில் நாலு, சாதாரண தரப் பரீட்சையில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கணிதத்தில் சித்தி காட்டின. கல்வி வலயத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெறுபேறு கூடினால் அது நிர்வாகத்தின் திறமை, குறைந்தால் ஆசிரியரின் அக்கறையீனம். அங்கே ஏன் என்ற கேள்வியே பழக்கத்தில் இல்லை.

இரண்டாம் வருடம் சனிக்கிழமை பறிபோனது. பதினோராம் தரத்துக்குச் சனிக்கிழமைகளில் விசேட வகுப்பு கட்டாயம் என்று வலயம் சுற்றறிக்கை விட்டது. வார நாளில் கூடலாம் என்றால் பாடசாலை விடவே ஒன்றரை மணி. எல்லோரும் ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர மூன்று மணியாகிவிடும். ஏழு பேரில் ஒருவரான நிரோஜா ரீச்சரின் ஊருக்குக் கடைசி பஸ் நாலு மணி. அதற்குப் பிறகு அந்தப் பாதை யானைகளுடையது, வேறு யாரும் உரிமை கோருவதில்லை. ஆகவே மாதத்தில் ஒரு வியாழன், பதினொரு மணிக்குப் பாடசாலையை விட்டு வெளிக்கிட ஏழு பேருக்கும் கடமை லீவு வேண்டும். விளக்கேற்றும் செயலமர்வுகளுக்கு முழு நாள் கடமை லீவு கட்டாயமாகத் தருகிறார்கள். இவர்கள் அரைநாள் கேட்டார்கள்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சிவரூபி வலய அலுவலகத்துக்குப் போனார். கணிதத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் செல்வநாயகம். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் துணிவு வேண்டும்.

"நல்ல விசயம் ரீச்சர். ஆனா மேலிடத்துக்குக் காட்ட ஒண்டு வேணும். வாற வெள்ளி செயலமர்வு இருக்குத்தானே, பத்து நிமிசம் தாறன். செய்து காட்டுங்கோ. பிறகு எழுத்தில தரலாம்."

"பத்து நிமிசம் நிச்சயமோ சேர்?"

"என்ன ரீச்சர், கணக்குப் பாக்கிறியள்" என்று சிரித்தார் செல்வநாயகம்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்பத்தாறு கணித ஆசிரியர்கள் எட்டரைக்கு முதல் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்தார்கள். பிரதம விருந்தினர் பத்து இருபதுக்கு வந்தார். மாலை, பன்னீர், வாசலில் இருந்து மண்டபம் வரை வெயிலில் நிறுத்தி வைத்திருந்த மாணவிகளின் வாத்தியம். விளக்கின் முன்னால் அவர் வந்து நின்றபோது யாரோ ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துச் செல்வநாயகத்தின் காதுக்குள் எதையோ சொன்னார். செல்வநாயகம் பிரதம விருந்தினரின் காதுக்குள் சொன்னார். வெள்ளிக்கிழமை பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். பத்தரைக்கு இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது, திரி எண்ணெயில் ஊறவில்லை. பிரதம விருந்தினரை அதிபரின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். நிகழ்ச்சி பன்னிரண்டுக்குத் தொடங்கும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

ராகு என்று வானத்தில் ஒரு கோள் கிடையாது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இடம் அது, வெறும் புள்ளி. புள்ளிக்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை என்று வகுப்பில் படிப்பிக்கிற எண்பத்தாறு பேர், நீளமும் அகலமும் இல்லாத அந்தப் புள்ளிக்குப் பயந்து ஒன்றரை மணித்தியாலம் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்து விசிறினார்கள். எவரும் எழும்பிப் போகவில்லை. பலர் அதைச் சரி என்றே நினைத்தார்கள். கணிதம் ஒருவரின் சம்பளத்துக்குள் மட்டும் புகுந்து மூளைக்குள் புகாமல் இருக்க முடியும் என்பதற்கு அந்த மண்டபத்தைவிட நல்ல நிறுவல் எனக்குத் தெரியாது.

பின்வரிசையில் ரஜிதன் சிவரூபியின் பக்கம் சரிந்தார்.

"ரீச்சர், எண்பத்தாறு பேர் தர ஒண்டரை. நூற்று இருபத்தொன்பது ஆசிரிய மணித்தியாலம். ராகுவுக்கு நல்ல பசி."

"மெல்லக் கதையுங்கோ மாஸ்டர். கேட்டால் சான்றிதழ் தரமாட்டினம்."

"அப்ப பலத்துச் சொல்லுறன்."

பன்னிரண்டுக்கு விளக்கேற்றினார்கள். தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. பிரதம விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். தான் படித்த காலத்தில் கணிதத்தில் இரண்டு தடவை குண்டு அடித்துச் சித்தியடையாமல் போனதாகவும், ஆனாலும் இந்த உயர்ந்த இடத்துக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். மண்டபம் கைதட்டியது. எதற்குக் கைதட்டுகிறோம் என்று எண்பத்தாறில் நாலு பேராவது யோசித்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன். சாப்பாடு முடிய இரண்டு மணி. பிறகுதான் வளவாளர் வந்தார்.

வளவாளர் நடராசா யாழ்ப்பாணத்தில் இருந்து அழைக்கப்பட்டவர். ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு பலூன் கொடுத்து, ஊதச் சொல்லி, உங்கள் மன அழுத்தங்களை எல்லாம் இதற்குள் ஊதிவிட்டீர்கள், இனி வெடியுங்கள் என்றார். ஐம்பது வயதுக்காரர்கள் பலூன் வெடித்தார்கள். படம் எடுத்தார்கள். பின்னர் திரையில் ஒரு பூவின் படத்தையும் ஒரு சங்கின் படத்தையும் காட்டி, கணிதம் எங்கும் இருக்கிறது என்றார். எங்கும் இருக்கும் கணிதம் அந்த நாளில் அந்த மண்டபத்துக்கு மட்டும் வரவில்லை.

மூன்று இருபத்தாறுக்குச் செல்வநாயகம் சிவரூபியை அழைத்தார். மூன்றரைக்கு நன்றியுரை. பத்து நிமிடம் நாலாகியிருந்தது. அந்த நாலுக்குள் ஏழு பாடசாலைகளின் அரைநாள் இருந்தது. சிவரூபி ஒலிவாங்கியைப் பிடிக்காமல், கொப்பியின் முதல் இடப்பக்கத்தைத் திரையில் போட்டார். சதுரம், 16 மீற்றர், தேனுகாவின் கையெழுத்தில் "ஒரு பரப்பு", அதன்மேல் சிவப்புக் கோடு.

முன்வரிசையில் இருந்த நடராசா சத்தமாகச் சிரித்தார்.

"ஒரு பரப்பாம். பிள்ளை காணித் தரகுக்குப் போகப்போகுது போல."

மண்டபம் சிரித்தது. சிரிக்க அனுமதி கிடைத்த ஆறுதலில் நன்றாகவே சிரித்தது.

"இதுதான் நான் இண்டைக்குச் சொல்ல வந்தது" என்று நடராசா திரும்பி எல்லோருக்குமாகச் சொன்னார். "இந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்கு அடிப்படை இல்லை."

"பிளேன்ரீ" என்று பின்வரிசையில் இருந்து ரஜிதனின் குரல் வந்தது. ஆறு பேருக்குத்தான் அது விளங்கியது.

சிவரூபி கேட்டார்: "சேர், உங்கட வளவு எத்தனை பரப்பு?"

"என்ர வளவோ? பதினாலு. ஏன்?"

"ஒரு பரப்பு எத்தனை சதுர மீற்றர்?"

நடராசா செல்வநாயகத்தைப் பார்த்தார். "அது காணிக் கந்தோரில கேக்கவேண்டிய கேள்வி ரீச்சர்."

"இருநூற்று ஐம்பத்துமூண்டு" என்றார் சிவரூபி. "பதினாறைப் பதினாறால பெருக்கினால் இருநூற்று ஐம்பத்தாறு. பிள்ளை எழுதினது கிட்டத்தட்டச் சரி. நூற்றுக்கு ஒண்டேகால் கூட, அவ்வளவுதான். இஞ்ச காணி வைச்சிருக்கிற எல்லாரும் சிரிச்சியள். ஒருத்தரும் கணக்குப் பாக்கேல்லை."

சிரிப்பு நின்றது. பல பேர் தொலைபேசியை எடுத்து வகுத்துப் பார்த்தார்கள். அந்த நாளில் அங்கே நடந்த முதல் கணிதம் அது.

நடராசா விடவில்லை. "வினாவில சதுர மீற்றர் எண்டு அலகு கேட்டிருப்பினம்தானே. பிள்ளை அதை வாசிக்கேல்லை."

"இல்லை சேர். வினாவில அலகு இல்லை. பரப்பளவு எண்டும் இல்லை, பரப்பு எண்டு இருக்கு. வினாவை எழுதினது நான். சிவப்புக் கோடு போட்டதும் நான். பிழை என்ர. பிள்ளையின்ர தாய் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்பிடி எங்கட எங்கட பிழையளைப் பாக்கத்தான் மாதத்தில அரைநாள் கேக்கிறம்."

ஓர் ஆசிரியர் தன் பிழையை எண்பத்தாறு ஆசிரியர்களின் முன்னால் சொன்னதை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை. என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கைதட்டத் தொடங்கி, தனியாகத் தட்டுகிறோம் என்று கண்டு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரீச்சர், நேரம் போட்டுது" என்றார் செல்வநாயகம். "நன்றியுரை."

அடுத்த செவ்வாய்க்கிழமை சிவரூபியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் விண்ணப்பம் இருந்தது. செல்வநாயகம் மிகவும் பண்பாகக் கதைத்தார்.

"ரீச்சர், ஒரு ஆசிரியர் சபையில எழும்பி நான் பிழை விட்டனான் எண்டு சொல்லுறதோ? நாளைக்குப் பெற்றோர் கேட்டால்? வலயத்துக்கு என்ன பேர்?"

"பிழை விட்டனான் சேர். அப்ப என்னெண்டு சொல்லுறது?"

"அது வேற, இது வேற." தாள் ஒன்றை முன்னால் தள்ளினார். "நான் உங்களுக்கு உதவி செய்யத்தான் பாக்கிறன். அரைநாள் தரலாம். ஆனா பிழைக் கூட்டம் எண்டு பேர் வைக்க ஏலாது. இன்பக் கணிதம் எண்டு வைப்பம். நடராசா சேர் வளவாளரா வருவார். நீங்கள் ஒழுங்குபடுத்தலுக்கு உதவி செய்யலாம். பிழையள் வேண்டாம், நல்ல பிள்ளையளின்ர சரியான விடையளைக் காட்டுவம். படம் எடுத்துப் போட வடிவா இருக்கும். உங்கட ஆக்கள் இப்பிடி முன்னுக்கு வாறது எங்களுக்கும் சந்தோசம்தானே."

தாளில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. பன்னிரண்டரைக்கு விளக்கேற்றல். இறைவணக்கம். வரவேற்புரை. தலைமையுரை. வளவாளர் உரை. கலந்துரையாடல். நன்றியுரை. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க மூன்றரைக்கு முடிய வேண்டும். கலந்துரையாடலுக்கு முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

"சேர், சரியான விடையில பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நான் என்ன செய்யிறது ரீச்சர். இப்பிடியெண்டால் தரலாம். இல்லையெண்டால் கடமை லீவு தர ஏலாது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். உண்மையிலேயே யோசித்தார். பஸ்ஸில் வரும்போது முப்பத்தைந்து நிமிடம் சைபரைவிடப் பெரிது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் காணாமல் விட்டால் ஒரு வருடத்தில் ஆளாளுக்குப் பழைய சைபர்களுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தானும் திரும்பிவிடலாம் என்ற பயம் அதற்குள் இருந்தது. செல்வநாயகத்தின் தாளில் கையெழுத்து வைத்தால் ஆட்களையாவது காப்பாற்றலாம். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் எடுத்து, நிரலை வாசித்துக் காட்டி, என்ன செய்வம் என்று கேட்டார்.

"பிழை கொண்டுவரக் கூடாதெண்டால் நான் என்னத்தைக் கொண்டு வாறது?" என்று நிரோஜா கேட்டார். "நடராசா சேருக்கு முன்னால நான் வாய் திறக்கமாட்டன், அக்கா. உங்களையும் திறக்க விடமாட்டினம்."

"சரியான விடையளை முப்பத்தஞ்சு நிமிசம் பாக்க நான் ஒட்டுசுட்டான் வரத் தேவையில்லை" என்றார் ரஜிதன். "அது புத்தகத்துக்குப் பின்னால இருக்கு."

வேறு ஒரு வழிதான் இருந்தது. ஆசிரியருக்கு வருடத்தில் குறிப்பிட்ட அளவு சொந்த லீவு உண்டு. காய்ச்சலுக்கு, கலியாணத்துக்கு, செத்த வீட்டுக்கு, பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக எல்லோரும் பொத்திப் பொத்திச் செலவழிக்கிற லீவு. அதில் மாதம் ஓர் அரைநாளை வெட்டுவது. நிரோஜாவுக்கு இரண்டு சிறுபிள்ளைகள். அவர்தான் முதலில் ஓம் என்றார்.

முதல் வியாழனுக்கு முந்தின நாள் சிவரூபி லீவுப் படிவத்தை அதிபரிடம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "கணித ஆசிரியர் கூட்டம்" என்று எழுதியிருந்தார்.

"ரீச்சர், கூட்டமெண்டால் கடமை லீவு. அதுக்கு வலயத்தின்ர கடிதம் வேணும். கடிதம் இருக்கோ?"

"இல்லை. தரேல்லை."

"அப்ப இது கூட்டமில்லை. சொந்தத் தேவை எண்டு போடுங்கோ."

"இது என்ர சொந்தத் தேவை இல்லையே சேர்."

"ரீச்சர், எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. ஒண்டில் சொந்தத் தேவை எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி பதினொரு மணிக்கு வகுப்புக்குப் போங்கோ."

சிவரூபி வெட்டி எழுதினார். அதிபர் கையெழுத்து வைத்தார்.

வியாழன் பன்னிரண்டரைக்கு ஏழு பேரும் ஒட்டுசுட்டானில், பின்னேரங்களில் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரிக்காரர் பகலில் சும்மா கிடக்கும் தன் கொட்டிலைத் திறந்துவிட, அதற்குள் இருந்தார்கள். முதல் பத்து நிமிடம் காரணங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். மூன்று பேர் சொந்தத் தேவை. நிரோஜா பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல். ஒருவர் வயல் வேலை, ஒருவர் வங்கி. ரஜிதன் வயிற்றோட்டம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"அடுத்த மாதம் என்ன வருத்தம் மாஸ்டர்?" என்று நிரோஜா கேட்டார்.

"பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி வைச்சிருக்கிறன். ஆவணியில சித்தப்பா செத்துப்போறார்."

"சித்தப்பாவுக்குத் தெரியுமோ?"

"கணிதத்துக்காகத்தானே. பொறுப்பார்."

சிரித்து முடித்தார்கள். பிறகு நிரோஜா தன்னுடைய பிழையை எடுத்து வைத்தார். ஏழாம் தரப் பிள்ளை ஒன்று 5 இல் இருந்து 8 ஐக் கழித்து 3 என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, பெரியதில் இருந்துதான் சின்னதை எடுக்கலாம், சின்னதில் இருந்து பெரிசை எடுக்கிறது களவு என்றதாம். ஏழு பேரும் அதற்குள் இறங்கினார்கள். மூன்றே முக்காலுக்கு நிரோஜாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பிரிந்தார்கள்.

செல்வநாயகத்தின் இன்பக் கணிதம் நடராசாவுடன், விளக்குடன், பதாகையுடன் அடுத்த மாதம் தொடங்கியது. போனவர்கள் எல்லோருக்கும் கடமை லீவு கிடைத்தது. வலயத்தின் கோப்பில் அது வாண்மை விருத்தி என்று பதிவாகியிருக்கிறது. பிழைக் கூட்டம் நடக்கும் வியாழக்கிழமைகளில் வரவுப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர்கள், முல்லைத்தீவின் ஏழு பாடசாலைகளில் கணித ஆசிரியர்கள் நண்பகலுக்குப் பிறகு கடமையில் இல்லை என்று அறிந்துகொள்ளலாம்.